பாதிக் கோயில் உனக்கு, பாதி எனக்கு

ஆகஸ்ட் 7, ஆக்ஸ்பர்க்

மியூனிக்கில் தம்பி வீட்டிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். இறங்கியதும் வெயில் மண்டையைப் பிளந்தது. தங்கிய வீட்டில் மின்விசிறி இல்லை. வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டதற்கு, "ராத்திரி ஜன்னலைத் திறந்து வையுங்கள், காலையில் இறுக்கி மூடிவிடுங்கள்" என்றார். அப்புறம் போகிறபோக்கில், "நாளைக்கு ஊரில் ஒரு கடையும் திறக்காது, ரொட்டி கிட்டி வேண்டுமென்றால் இன்றைக்கே வாங்கிவிடுங்கள்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 8 இந்த ஊர் எல்லைக்குள் மட்டும் சட்டப்படி பொது விடுமுறை. ஜெர்மனியில் வேறெந்த நகரத்துக்கும் இப்படித் தனக்கென்று ஒரு விடுமுறை கிடையாது. பக்கத்திலிருக்கும் ஃப்ரீட்பெர்க்கில் கடைகள் திறந்தே இருக்கும். ஆக்ஸ்பர்க்காரர்களில் பலர் அன்றைக்கு அங்கே சாமான் வாங்கப் போய்விடுவார்களாம். எனக்கு அவ்வளவு தெம்பில்லை. சூப்பர் மார்க்கெட்டை எட்டு மணிக்கு அடைப்பார்கள் என்று ஏழரைக்கு ஓடினேன். ரொட்டி அலமாரி துடைத்து வைத்தாற்போல் காலி. தயிர், தக்காளி, வெங்காயம் மட்டும் கிடைத்தன.

வழியில் மாக்ஸிமிலியன் தெருவின் தென்கோடியில் கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் மலைபோல நிற்கிறது புனித உல்ரிக், அஃப்ரா பேராலயம். அது கத்தோலிக்கர்களுடையது. அதன் முன்னால், தகப்பன் காலடியில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி, இன்னொரு சிறிய கோயில். அதற்கும் உல்ரிக் என்றே பெயர், ஆனால் லுத்தரன்களுடையது, அதாவது லூத்தர் வழிவந்த புராட்டஸ்டன்டுகளுடையது. ஒரு காலத்தில் அந்த மடத்தின் பிரசங்க மண்டபமாக இருந்ததாம். ஊரின் இன்னொரு பக்கம் திருச்சிலுவைப் பெயரிலும் இதே போல ஒரு ஜோடி இருக்கிறது.

இந்த இரண்டு தரப்பும் ஜெர்மனியில் மோதிக்கொண்ட போரைப் பள்ளிக்கூடத்தில் 'முப்பதாண்டுப் போர், 1618 முதல் 1648 வரை' என்று ஒரே வரியில் படித்துத் தேர்வெழுதியதோடு சரி. போர்க்களம் பார்க்கும் ஆசை எனக்குப் பெரிதாக இல்லை. அவ்வளவு வெட்டிக்கொண்டவர்கள் அதற்கப்புறம் ஒரே தெருவில் எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் என்று பார்க்கத்தான் வந்தேன்.

ஆகஸ்ட் 8, ஆக்ஸ்பர்க்

விடுமுறையின் காரணம் விசித்திரமானது. 1629-இல் புனித ரோமப் பேரரசின் கத்தோலிக்கப் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட், புராட்டஸ்டன்டுகள் எடுத்துக்கொண்ட சொத்துகளையெல்லாம் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஓர் ஆணை போட்டார். அந்த வருஷம் ஆகஸ்ட் 8 அன்று ஆக்ஸ்பர்க்கின் லுத்தரன் போதகர்கள் வேலையிழந்தார்கள், வழிபாட்டுக்கும் தடை வந்தது. 1632-இல் ஸ்வீடனின் லுத்தரன் அரசர் குஸ்தாவ் அடோல்ஃப் படையோடு வந்ததும் நிலைமை தலைகீழானது. 1635-இல் ஸ்வீடன்காரர்கள் போனதும் மறுபடியும் கவிழ்ந்தது. அதிலிருந்து 1648 வரை லுத்தரன்கள் புனித அன்னா கல்லூரி முற்றத்தில், மழையிலும் பனியிலும், திறந்த வெளியில்தான் ஆராதனை நடத்தினார்கள். சமாதானம் வந்தபின் கொண்டாட ஒரு நாள் வேண்டுமே. 1648-இல் போரை முடித்த வெஸ்ட்ஃபாலியா ஒப்பந்தம் கையெழுத்தான தேதியை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாம் பறிபோன ஆகஸ்ட் 8-ஐயே 1650-இல் திருவிழாவாக்கினார்கள். இதில் கொஞ்சம் வீம்பு இருக்கிறது, எனக்குப் பிடித்த மாதிரியான வீம்பு.

நெடுங்காலம் லுத்தரன்களின் விழாவாக இருந்தது இன்று ஊருக்கே பொதுவாகிவிட்டது. நகர மண்டபத்தின் முன் சதுக்கம் முழுக்க நீள மேசை போடுகிறார்கள். அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்ததை வைத்து, பக்கத்தில் இருப்பவரோடு பகிர்ந்து சாப்பிட வேண்டும். வீட்டுக்கார அம்மாவின் கிண்ணத்தில் தயிர்ப் பச்சடி செய்து எடுத்துப்போனேன். எனக்கு இடப்பக்கம் உருளைக்கிழங்கு சாலட்டோடு ஒரு பாட்டி, வலப்பக்கம் திராட்சை இலையில் அரிசியைப் பொதிந்து கொண்டுவந்த துருக்கிக் குடும்பம். உட்காருமுன் "இந்த இடத்துக்கு யாராவது வருகிறார்களா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். மேசையில் பாதி காலியாக இருந்தாலும் கேட்கிறார்கள். பாட்டி பச்சடியை ஒரு கரண்டி ருசி பார்த்துவிட்டு, தலையை ஆட்டி, இன்னும் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டார்.

கடைசியாக வந்தது 'டாட்ஷி', பிளம்ஸ் பழத்தை வரிசையாக அடுக்கிச் சுட்ட கேக். இந்த ஊருக்கே டாட்ஷிபுர்க் என்று ஒரு கேலிப் பெயர் உண்டு. ஆகஸ்டில் பிளம்ஸ் வந்தால் கூடவே குளவியும் வரும். என் துண்டின் அடியில் ஒன்று இருந்திருக்கிறது. கட்டைவிரலில் கொட்டிவிட்டது. துருக்கிக் குடும்பத்துப் பையன் வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி அழுத்திப் பிடிக்கச் சொன்னான். வலி போனதோ இல்லையோ, மாலை வரை விரலில் வெங்காய வாசனை போகவில்லை.

விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பாட்டி பேச ஆரம்பித்தார். அவருடைய தாத்தா லுத்தரன், பாட்டி கத்தோலிக்கர். கலப்புத் திருமணங்களில் அந்தக் காலத்தில் இருந்த வழக்கப்படி பையன்கள் அப்பா பக்கம், பெண்கள் அம்மா பக்கம். "ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் ஒன்றாகத்தான் படியிறங்குவார்கள். தெருமுனையில் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பச் சேர்ந்துகொள்வார்கள்" என்றார். சண்டை வருமா என்று கேட்டேன். "லுத்தரன்களுக்குப் பெரிய நாளான புனித வெள்ளி அன்று என் பாட்டி வேண்டுமென்றே துணி துவைப்பார், கத்தோலிக்கர்களின் கார்ப்பஸ் கிறிஸ்டி திருவிழா அன்று தாத்தா தோட்டத்தில் சாணி அள்ளிக் கொட்டுவார்" என்று சிரித்தார். ஒருவருக்குப் புனித நாள் மற்றவருக்கு வேலை நாள் என்று மாறி மாறிக் குத்துவது அப்போதெல்லாம் சகஜம் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 9, ஆக்ஸ்பர்க்

காலையில் ஃபுகெராய். வங்கியாளர் யாகோப் ஃபுகர் 1521-இல் ஏழைகளுக்காகக் கட்டிய குடியிருப்பு. மஞ்சள் சுவர், பச்சைக் கதவு, வாசலில் பூந்தொட்டி. ஐந்நூறு வருஷத்துக்குப் பிறகும் மக்கள் குடியிருக்கிறார்கள். வருஷ வாடகை 88 சென்ட். மாதத்துக்கு அல்ல, வருஷத்துக்கு! என்னிடம் நுழைவுக் கட்டணம் 8 யூரோ வாங்கினார்கள். அந்தக் காசில் ஒரு குடும்பம் ஒன்பது வருஷம் குடியிருக்கலாம். இடம் கிடைக்க நிபந்தனைகள் உண்டு. ஆக்ஸ்பர்க்வாசியாக இருக்க வேண்டும், வசதி குறைந்தவராக இருக்க வேண்டும், கத்தோலிக்கராக இருக்க வேண்டும். நிறுவனரின் ஆன்மாவுக்காகத் தினம் மூன்று ஜெபம் சொல்ல வேண்டும். இரவு பத்துக்கு மேல் வந்தால் காவல்காரருக்குச் சில்லறை கொடுத்துத்தான் உள்ளே வர முடியும்.

இந்த ஃபுகரின் பணம்தான் ஒரு வகையில் எல்லாவற்றுக்கும் தொடக்கம். மைன்ஸ் பேராயர் பதவி வாங்க ஆல்பிரெக்ட் அவரிடம் கடன் வாங்கினார். அந்தக் கடனை அடைக்கத்தான் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனை சூடு பிடித்தது. அதைக் கண்டு கொதித்துத்தான் 1517-இல் லூத்தர் எழுந்தார். மறு வருஷம் போப்பின் தூதரான கார்டினல் கயட்டன் முன்னால் விசாரணைக்கு வந்தபோது லூத்தர் தங்கியது இங்கே புனித அன்னா மடத்தில். அந்த மடத்துக் கோயில் பின்னால் லுத்தரன்களுடையது ஆகிவிட்டது. ஃபுகரின் கல்லறை இருப்பதும் அதே கோயிலுக்குள்தான். ஆகவே லுத்தரன் கோயிலின் மேற்குக் கோடியில் தங்கமும் பளிங்குமாக ஒரு கத்தோலிக்கச் சிற்றாலயம். இன்றும் ஃபுகர் அறக்கட்டளைதான் அதைப் பராமரிக்கிறது. இருவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது யார் விளையாட்டோ தெரியவில்லை, நான் அங்கேயே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே குளுகுளுவென்றிருந்ததும் ஒரு காரணம்.

இந்தத் தகராறு கப்பலேறி நம்மூருக்கும் வந்ததே! 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவின் லுத்தரன் சபையை எதிர்த்து, இயேசு சபைத் துறவியான வீரமாமுனிவர் 'பேதகமறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' என்று தமிழிலேயே கண்டன நூல்கள் எழுதினார். தமிழ் உரைநடைக்கு ஜெர்மன் சண்டையால் கிடைத்த லாபம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மதியம் நகர மண்டபம். கட்டியவர் எலியாஸ் ஹோல், புராட்டஸ்டன்ட். அந்த 1629 ஆணைக்குப் பிறகு மதம் மாற மறுத்ததால் வேலையை இழந்தார். ஊரின் அடையாளமே அவர் கட்டடம்தான். 1944 குண்டுவீச்சில் எரிந்துபோன பொன் மண்டபத்தைத் திரும்பச் செய்து வைத்திருக்கிறார்கள். கூரையைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது.

இந்த மண்டபத்தில்தான் பங்கீடு நடந்தது. 1648-க்குப் பிறகு ஆக்ஸ்பர்க்கில் ஒவ்வொரு பதவியும் இரண்டு. ஊர்த் தலைவர் கத்தோலிக்கர் ஒருவர், லுத்தரன் ஒருவர். ஒரே ஆள்தான் வைக்க முடியும் என்ற பதவியென்றால் முறை வைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். பிபராஹ், டிங்கெல்ஸ்ப்யூல், ராவென்ஸ்பர்க் என்று இன்னும் மூன்று ஊர்களுக்கும் இதே ஏற்பாடு. ஊரில் யாருக்கும் யாரையும் பிடித்துவிடவில்லை. ஆனால் ஓட்டுப்போட்டு ஒருவர் இன்னொருவரை அமுக்க வழியில்லாமல் போய்விட்டது.

அதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு நாட்காட்டிச் சண்டையைச் சொல்லலாம். போப் பதிமூன்றாம் கிரகோரி திருத்திய நாட்காட்டிக்கு 1583-இல் நகரசபை மாறியது. பத்து நாளைத் தாண்டிக் குதிக்க வேண்டும். கணக்கு சரிதான், ஆனால் போட்டது போப் ஆயிற்றே! லுத்தரன்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 1584-இல் அவர்களுடைய தலைமைப் போதகரை ஊரைவிட்டு வெளியேற்றப் பார்த்தபோது ஜனம் ஆயுதத்தோடு தெருவுக்கு வந்துவிட்டது. ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் பகுதிகள் அந்த நாட்காட்டிக்கு வர 1700 ஆயிற்று.

சாயங்காலம் பழைய மதிலோரம் 'கல் மனிதர்' சிலை. 1634, 35 முற்றுகையில் ஊர் பட்டினி கிடந்தபோது, மரத்தூளில் சுட்ட ரொட்டியை மதிலுக்கு வெளியே எறிந்து, 'எங்களிடம் எறியும் அளவுக்கு ரொட்டி இருக்கிறது' என்று எதிரியை ஏமாற்றிய ரொட்டிக்காரர் என்கிறது கதை. அதில் அவர் ஒரு கையை இழந்தாராம். கதை எப்படியோ, பட்டினி நிஜம். போருக்கு முன் சுமார் 45,000 பேர் இருந்த ஊரில் 1635-இல் எண்ணியபோது 16,000 சொச்சம்தான் மிச்சம்.

ஆகஸ்ட் 10, நோர்ட்லிங்கன்

வட்டமான மதிலுக்குள் வட்டமான ஊர். மதில் மேல் நடந்தே முழுச் சுற்று சுற்றலாம், காசு கிடையாது. கோபுரத்துக்கு 350 படி. பாதியில் உட்கார்ந்துவிட்டேன், மேலிருந்து இறங்கி வந்த ஒரு தாத்தா "இன்னும் கொஞ்சம்தான்" என்று பொய் சொல்லிவிட்டுப் போனார்.

1634 செப்டம்பரில் இந்த லுத்தரன் ஊரைக் காப்பாற்ற வந்த ஸ்வீடன் படை, பேரரசப் படையிடமும் ஸ்பானியப் படையிடமும் நொறுங்கிய இடம் இது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மறு வருஷம் ஸ்வீடன் பக்கம் வெளிப்படையாகப் போரில் குதித்தது கத்தோலிக்க பிரான்ஸ். முடிவெடுத்தவர் ரிஷ்லியோ, அவரே ஒரு கார்டினல். பேரரசரும் ஸ்பெயின் அரசரும் ஒரே ஹாப்ஸ்பர்க் வம்சம், அது பெரிதாகிவிடக்கூடாது என்ற கவலை அவருக்கு. ஆக, மதச்சண்டை என்று பேர், கணக்கு வேறு. வெயிலில் தலைசுற்றியது, எலுமிச்சை சோடா 4 யூரோ 20.

ஆகஸ்ட் 11, 12, வெட்ஸ்லார்

இந்த ஊர் என் திட்டத்திலேயே இல்லை. வடக்கே போகும் வழியில் ரயில் ஒரு காட்டுக்குள் நின்றது. சிக்னல் கோளாறு என்று அறிவிப்பு. அப்புறம் அறிவிப்பும் நின்றுவிட்டது. எதிரே இருந்த பெண் பையிலிருந்து ஆப்பிளை எடுத்து நறுக்கி, கேட்காமலே எனக்கும் இரண்டு துண்டு நீட்டினார். பெட்டியில் ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. பெருமூச்சு மட்டும் விட்டார்கள், அதுவும் வரிசையாக. இணைப்பு ரயில் போய்விட்டது, வெட்ஸ்லாரில் இறங்கி மதுக்கடை மாடியில் ஓர் அறை பிடித்தேன். 70 யூரோ. கீழே சாப்பிட இருந்தது ஹாண்ட்கேஸ் என்ற புளித்த பாலாடைக்கட்டி, மேலே பச்சை வெங்காயமும் வினிகரும். நாற்றத்தைத் தாண்டிவிட்டால் ருசி உண்டு.

காலையில் எழுந்து கோயிலுக்குப் போனேன், அங்கேதான் இந்தப் பயணத்தின் சாரம் கிடைத்தது. வெட்ஸ்லார் பேராலயம் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் இருவருக்கும் பொது. ஊர் லூத்தரின் சீர்திருத்தத்துக்கு மாறியபோது கோயிலை நிர்வகித்த குருக்கள் மாறவில்லை. கடைசியில் பீடப் பகுதி குருக்களுக்கு, மக்கள் உட்காரும் பகுதி ஊராருக்கு என்று பிரிந்தது. கட்டடம் முடியவும் இல்லை. பணம் தீர்ந்துபோய், புதுக் கோதிக் வாசலுக்குப் பின்னால் பழைய கோபுரம் இடிபடாமல் அப்படியே நிற்கிறது. வாசலில் அறிவிப்புப் பலகையில் இரண்டு சபைகளின் ஆராதனை நேரமும் பக்கத்துப் பக்கத்தில். ஒன்று முடிந்து மற்றது தொடங்க நடுவே இடைவெளி விட்டிருக்கிறார்கள்.

கிழக்கே பௌட்ஸன் ஊர்ப் பேராலயத்திலும் 1524 முதலே இப்படித்தானாம். நடுவில் வேலி போட்டிருக்கிறார்கள். முன்பு நாலு மீட்டருக்கு மேல் உயரம், இப்போது இடுப்பளவு. வேலியை எடுத்துவிடலாமே என்று நாம் சொல்வோம். எனக்கென்னவோ அந்த வேலி இருந்ததால்தான் கோயில் எரியாமல் தப்பியது என்று தோன்றுகிறது. 1631-இல் லுத்தரன் ஊரான மாக்டபர்க்கில் வேலி எதுவும் இல்லை. ஒரு தரப்பு முழுசாக ஜெயித்தது, சுமார் 20,000 பேர் செத்தார்கள்.

ஆகஸ்ட் 13, ஓஸ்னாப்ரூக்

மேகமூட்டம். வெயிலுக்குப் பிறகு உயிர் வந்தது. சாலையில் வண்டியே இல்லை, ஆனாலும் சிவப்பு விளக்குக்கு ஊரே நிற்கிறது. நான் காலை எடுத்து வைத்ததும் ஓர் அம்மா தன் குழந்தையைக் காட்டி, "பிள்ளைகள் பார்க்கிறார்கள்" என்றார். திரும்பி நடைபாதையில் ஏறிக்கொண்டேன்.

1648 ஒப்பந்தத்துக்கான சமாதானப் பேச்சு இரண்டு ஊரில் நடந்தது. ஸ்வீடனும் புராட்டஸ்டன்ட் சிற்றரசுகளும் இங்கே, பிரான்சும் கத்தோலிக்கர்களும் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி மியூன்ஸ்டரில். ஒரே ஊரில் உட்கார்ந்தால் யார் முதலில் நுழைவது, யாருக்கு எந்த நாற்காலி என்பதிலேயே முடிந்துவிடும். நடுவில் தூதர்கள் குதிரையில் போய் வந்தார்கள், வருஷக்கணக்காக. ஒப்பந்தத்தின் தேதியைக்கூட அக்டோபர் 14/24 என்று இரண்டு நாட்காட்டியிலும் குறித்தார்கள். எந்தக் கோயில் யாருக்கு என்பதற்கு 1624 ஜனவரி 1 என்று ஒரு நாளை வைத்தார்கள். அன்றைக்கு யார் கையில் இருந்ததோ அவருக்கே. நியாயமா என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் வாதாட முடியாத தேதி.

நகர மண்டபக் கதவின் கைப்பிடியில் புறாவும் 1648-ம். இந்த ஊருக்குக் கிடைத்த தீர்வு எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும். ஊரை ஆளும் ஆயர் (பிஷப்) பதவியையே முறை வைத்துவிட்டார்கள். ஒரு கத்தோலிக்க ஆயர் செத்தால் அடுத்தது புராட்டஸ்டன்ட், அவர் செத்தால் திரும்பவும் கத்தோலிக்கர். புராட்டஸ்டன்ட் முறை வரும்போது பிரவுன்ஷ்வைக்-லூனபர்க் வம்சத்திலிருந்து ஆள் எடுக்க வேண்டும். அந்த வம்சம் பின்னால் இங்கிலாந்தின் அரியணை ஏறியது. 1764-இல் முறை வந்தபோது மூன்றாம் ஜார்ஜ் தன் மகன் ஃபிரெடெரிக்கை ஆயராக்கினார். ஆயருக்கு அப்போது வயது 196 நாள்.

ஆகஸ்ட் 14, மியூன்ஸ்டர்

மழை. 'மியூன்ஸ்டரில் மழை பெய்யும், இல்லாவிட்டால் மணி அடிக்கும். இரண்டும் சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை' என்று ஊர்க்காரர்களே சொல்லிக்கொள்கிறார்கள். சைக்கிள் பாதையில் தெரியாத்தனமாகக் கால் வைத்தால் நாலு பக்கமும் மணி. கோயில் மணியைவிட எனக்கு அதுதான் அதிகம் கேட்டது.

லாம்பெர்ட் கோயில் கோபுரத்தில், கடிகாரத்துக்கு மேலே, மூன்று இரும்புக் கூண்டுகள். 1534-இல் இந்த ஊரைக் கைப்பற்றி 'புதிய எருசலேம்' என்று அறிவித்த மறுஞானஸ்நானக்காரர்களின் (வயது வந்தபின் திரும்பவும் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்ற பிரிவினர்) தலைவர்கள் மூவரை 1536 ஜனவரியில் சித்திரவதை செய்து கொன்று, உடலை அதில் போட்டுத் தொங்கவிட்டார்கள். முற்றுகையில் கத்தோலிக்க ஆயருக்கு உதவியவர்களில் லுத்தரனான ஹெஸ்ஸன் பிலிப்பும் உண்டு. இவர்களை அடிக்கும்போது மட்டும் இரண்டு தரப்பும் ஒன்று. பங்கீட்டிலும் இவர்களுக்கு இடமில்லை. 1648 ஒப்பந்தம் கத்தோலிக்கர், லுத்தரன், கால்வின் வழிவந்த புராட்டஸ்டன்டுகள் என்று மூன்று தரப்பைத்தான் ஒத்துக்கொண்டது. கூண்டுகளை இன்னும் இறக்கவில்லை. அதன் நேர் கீழே ஒரு குடும்பம் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, மழையில்.

சமாதான மண்டபம் சின்ன அறைதான். மர வேலைப்பாட்டை இரண்டாம் உலகப் போரின்போது கழற்றி ஒளித்து வைத்ததால் 1944 குண்டுவீச்சில் தப்பியது. சுவர் முழுக்கத் தூதர்களின் ஓவியம். எல்லாருக்கும் ஒரே மாதிரி களைத்த முகம். கண்ணாடிப் பெட்டியில் வெட்டப்பட்டு உலர்ந்த ஒரு மனிதக் கையும் ஒரு செருப்பும் இருக்கின்றன, இதற்கும் சமாதானத்துக்கும் சம்பந்தமில்லை.

அந்த முகங்களில் நான் தேடியது ஃபாபியோ சிகி என்ற இத்தாலியரை. போப்பின் தூதர், மத்தியஸ்தர். வருஷக்கணக்காக இங்கே மழையில் உட்கார்ந்து, கடைசியில் மதவிரோதிகளுக்குச் சலுகை கொடுக்கும் ஒப்பந்தத்தில் பங்கேற்க முடியாது என்று ஒதுங்கிவிட்டார். போப் பத்தாம் இன்னசென்ட்டும் அது செல்லாது என்று கண்டன மடல் எழுதினார். யாரும் சட்டை செய்யவில்லை. பேரரசர்கூட. சிகி பின்னால் ஏழாம் அலெக்சாண்டர் என்ற பெயரில் அவரே போப் ஆனார்.

தூதராக இருந்தபோது அவர் மியூன்ஸ்டரின் மழையையும், பம்பர்னிக்கல் என்ற இந்த ஊர்க் கறுப்பு ரொட்டியையும் பற்றிப் புலம்பி எழுதியிருக்கிறார். அந்த ரொட்டியில் ஒரு பொட்டலம், 2 யூரோ 80, தம்பி வீட்டுக்கு வாங்கினேன். ஈரமும் கனமுமாகச் செங்கல் கணக்காக இருந்தது. மியூனிக் திரும்பியதும் வெண்ணெய் தடவி ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன், தம்பி மகள் தன் துண்டை நாய்க்கு நீட்டினாள், நாய் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஒப்பந்த விஷயத்தில் எப்படியோ, ரொட்டி விஷயத்தில் எங்கள் வீடு மொத்தமும் சிகியின் கட்சி.